டிரைவர் இல்லாத வண்டிக்கு யார் ஜவாப்தாரி?

எடின்பரோ நகரத்துக்கு வடக்கே ஃபோர்த் கழிமுகத்தின் மேல் செல்லும் சாலைப் பாலத்தில் 2023 மே மாதம் ஒரு புது பஸ் ஓட ஆரம்பித்தது. ஃபைஃப் பகுதியின் ஃபெரிடோல் நிறுத்தத்திலிருந்து எடின்பரோ பார்க் வரை 14 மைல் தூரம். ஸ்டியரிங் தானே திரும்பும், சிக்னலில் பஸ் தானே நிற்கும். 'காவ்ஃபோர்த்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆனால் டிரைவர் சீட் காலியாக இல்லை. தேவைப்பட்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தயாராக ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார். பயணிகளைக் கவனித்துக்கொள்ள இன்னொருவர் உண்டு. அவருக்கு 'பஸ் கேப்டன்' என்று பட்டம். தானே ஓடும் பஸ்ஸில் வழக்கத்தைவிட ஓர் ஆள் கூடுதல்!

2025 பிப்ரவரியில் அந்தச் சேவை நின்றுபோனது. விபத்து காரணமில்லை, ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடியதும் காரணமில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் ஏறவில்லை, அவ்வளவுதான்.

டிரைவரில்லா வண்டிகளை ஐரோப்பிய மக்கள் நம்புவார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம், 'பயமாக இருக்கிறதா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் திசைமாறிய கேள்வியாகவே படுகிறது. பிரான்ஸின் லீல் நகரத்தில் டிரைவரே இல்லாத மெட்ரோ ரயில் 1983-லேயே வந்துவிட்டது. பாரிஸின் 14-ஆம் தடம் 1998-இல் திறந்த நாளிலிருந்து ஆளின்றி ஓடுகிறது. கோபன்ஹேகன், நியூரம்பெர்க் என்று பட்டியல் நீளும். முன்வரிசை சீட்டைப் பிடித்துக் கண்ணாடி வழியே சுரங்கத்தைப் பார்ப்பதற்குக் குழந்தைகள் அங்கே சண்டை போடுவார்கள். ஆளில்லாத இயந்திரத்தில் ஏறி உட்கார ஐரோப்பியர்களுக்குத் தயக்கம் இல்லை என்பதற்கு நாற்பதாண்டுச் சாட்சியம் இருக்கிறது.

ஆனால் மெட்ரோவுக்குத் தனிப்பாதை உண்டு. குறுக்கே சைக்கிள் வராது, பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை ஓடிவராது. அதைவிட முக்கியமாக, ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். தெருவில் ஓடும் கார் விஷயத்தில் அது தெரியாது. கார் தயாரித்தவரா, மென்பொருள் எழுதியவரா, சொந்தக்காரரா, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரா? ஐரோப்பாவில் நம்பிக்கை தேடும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதிலேயே கழிந்திருக்கிறது.

சிறிய ஊர்களில் நடந்த சோதனைகளை முதலில் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் சியோன் நகரத்துப் பழைய கடைவீதிகளில் 2016 ஜூனில் தபால் துறையின் பஸ் நிறுவனம் இரண்டு குட்டி பஸ்களை விட்டது. நவ்யா என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்தவை. டிரைவர் சீட்டே கிடையாது, ஒரு பணியாளர் மட்டும் கூடவே போவார். செப்டம்பரில் அதில் ஒன்று, நின்றிருந்த சரக்கு வேனின் திறந்திருந்த பின்கதவில் உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் நிறுவனம் உடனே சேவையை நிறுத்தியது, நடந்ததை வெளியே சொன்னது, காரணத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகு மீண்டும் ஓட்டியது.

வியன்னாவின் புறநகரான ஸேஷ்டாட்டில் 2019 கோடையில் இதே கதை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போன பஸ்ஸின் பக்கவாட்டில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடந்துவந்த ஒரு பெண் மோதிக்கொண்டார். சிறு காயம். தப்பு பஸ்மேல் இல்லை என்று வாதாடிவிட்டு அன்று மாலையே ஓட்டியிருக்கலாம். நகரப் போக்குவரத்து நிறுவனமான வீனர் லீனியன் அப்படிச் செய்யவில்லை. சேவையை நிறுத்திவைத்து விசாரித்தது. 2021-இல் திட்டம் முடிந்தபோது, அன்றாடத் தடத்தில் ஓடும் அளவுக்கு இந்தத் தொழில்நுட்பம் இன்னும் பக்குவப்படவில்லை என்றும் அதே நிறுவனம் சொன்னது. தான் செலவு செய்த திட்டத்தைப் பற்றித் தானே இப்படிச் சொல்லும் நிறுவனம், அடுத்த முறை 'இப்போது தயார்' என்றால் மக்கள் காதுகொடுப்பார்கள்.

எதிர்ப்பக்க உதாரணத்துக்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தூக்கி எறிந்த ஒரு பெண், க்ரூஸ் நிறுவனத்தின் டிரைவரில்லா டாக்ஸியின் முன் விழுந்தார். அந்த டாக்ஸி அவர்மேல் மோதி நின்றது. பிறகு ஓரம்கட்டுவதாக நினைத்து, அடியில் சிக்கியிருந்தவரை ஏறக்குறைய இருபது அடி இழுத்துச் சென்றது. கொடுமைதான். ஆனால் நிறுவனத்தைச் சாய்த்தது அந்த இருபது அடி மட்டுமல்ல. இழுத்துச் சென்ற காட்சியைத் தங்களுக்கு முழுதாகக் காட்டவில்லை என்று கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறை குற்றம் சாட்டி, அதே மாதம் 24-ஆம் தேதி அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு, விசாரணையைத் திசைதிருப்பப் பொய் அறிக்கை தந்ததை க்ரூஸ் ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் டாக்ஸிக் கனவையே கைவிட்டது. ஐரோப்பியச் சட்டம் எழுதுகிறவர்களின் மேசையில் இந்தக் கோப்பு இல்லாமல் இருந்திருக்காது.

ஐரோப்பாவின் சட்டச் சிக்கல் தொடங்கிய இடமும் வியன்னாதான். 1968-இல் அங்கே கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் எட்டாவது விதி, ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டுநர் இருந்தாக வேண்டும் என்கிறது. அவர் எந்நேரமும் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடியவராக, அல்லது தன் விலங்குகளை நடத்தக்கூடியவராக இருக்க வேண்டுமாம். குதிரை வண்டிகளையும் மனத்தில் வைத்து எழுதிய அந்த வாசகத்துக்குள் கணினி ஓட்டும் காரை நுழைக்க 2022 ஜூலை வரை ஆனது. நாட்டின் சட்டத்துக்கு உட்பட்ட தானியங்கி அமைப்பு ஓட்டினால் அந்த விதி நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்ற புது விதி அப்போதுதான் அமலுக்கு வந்தது.

ஜெர்மனி அதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தது. முன்னாள் அரசியல் சாசன நீதிபதி உடோ டி ஃபாபியோ தலைமையில் ஒரு நெறிமுறைக் குழு. பொறியாளர்களும் சட்ட அறிஞர்களும் தத்துவப் பேராசிரியர்களும் இருந்த அந்தக் குழுவில் கத்தோலிக்கத் துணை ஆயர் ஒருவரும் உட்கார்ந்தார். 2017 ஜூனில் வந்த அறிக்கையில் 20 விதிகள். மனிதர் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் சேதம் குறையும் என்றால்தான் இந்த வண்டிகளை அனுமதிக்கலாம். பொருள் போனாலும் உயிர் போகக் கூடாது. விபத்து தவிர்க்க முடியாததாகிவிட்டால் வயது, பாலினம், உடல்நிலை பார்த்து யாரை விடலாம், யாரை இடிக்கலாம் என்று இயந்திரம் கணக்குப் போடக் கூடாது.

அந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஓர் உலகளாவிய விளையாட்டு உண்டு. பிரேக் பிடிக்காத கார் கிழவியை இடிக்கலாமா, குழந்தையை இடிக்கலாமா என்று மக்களைக் கேட்ட 'மாரல் மெஷின்' ஆய்வில் ஏறக்குறைய நாலு கோடி பதில்கள் குவிந்தன. 2018-இல் நேச்சர் இதழில் வெளியாகிப் பெரும் பேச்சானது. கல்லூரி விவாத மேடைக்கு அருமையான தலைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் சியோன் வீதியில் பஸ்ஸுக்கு வந்த சோதனை கிழவியா குழந்தையா என்பதில்லை. திறந்து கிடந்த வேன் கதவு!

2021-இல் ஜெர்மனி இன்னும் ஒரு படி போனது. குறிப்பிட்டு அனுமதி பெற்ற பகுதிகளில் டிரைவரே இல்லாமல் வண்டி ஓடலாம் என்று சட்டம் இயற்றியது. ஒரு நிபந்தனை: 'தொழில்நுட்பக் கண்காணிப்பாளர்' என்று ரத்தமும் சதையுமான ஒரு மனிதர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் தூரத்தில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கில் ஓட்டுபவர் அல்ல. வண்டி குழம்பி நின்றால் அது முன்வைக்கும் வழியை ஏற்பதும் மறுப்பதும் அவர் வேலை. தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு உண்டு. வண்டி ஓடிய விவரங்களைப் பதிவுசெய்து வைக்க வேண்டியதும் கட்டாயம்.

மக்கள் வாங்கும் கார்களில் கதை வேறு மாதிரி. அங்கே ஆபத்து அவநம்பிக்கையில் இல்லை, அளவுக்கு மீறிய நம்பிக்கையில் இருக்கிறது. இன்று சாலையில் போகும் பெரும்பாலான 'தானே ஓடும்' கார்கள் டிரைவருக்கு உதவுபவை மட்டுமே. கண் சாலையில் இருக்க வேண்டும், இடித்தால் பொறுப்பு டிரைவருக்கு. பொறியாளர்கள் இதை இரண்டாம் நிலை என்பார்கள். மூன்றாம் நிலையில் கார் ஓட்டும் நேரத்தில் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், கார் கூப்பிட்டால் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். மெர்சிடிஸின் 'டிரைவ் பைலட்' 2021 டிசம்பரில் ஜெர்மன் அனுமதி பெற்று, மறு ஆண்டு மே முதல் விற்பனைக்கு வந்தது. அப்போது நெடுஞ்சாலை நெரிசலில், அதிகபட்சம் 60 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் அது ஓட்டியது. அழைத்தால் பத்து வினாடிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும். படம் பார்க்கலாம், தூங்கக் கூடாது. அமைப்பு முறையாக ஓடும்போது அதனால் ஏற்படும் கோளாறுக்குத் தான் பொறுப்பு என்று மெர்சிடிஸ் வெளிப்படையாகச் சொன்னது. எத்தனை சென்சார், எத்தனை ரேடார் என்ற விளம்பரங்களைவிட இந்த ஒரு வாக்குறுதிக்கு எடை அதிகம்.

பெயரும் ஏமாற்றும். யூரோ என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு 2020-இல் ஓட்டுநர் உதவி வசதிகளுக்கு மதிப்பெண் போட்டது. டெஸ்லா மாடல் 3-இன் தொழில்நுட்பத் திறமைக்கு நல்ல மதிப்பெண். டிரைவரை விழிப்பாக வைத்திருப்பதில் படு மோசம். மொத்தத்தில் 'மிதம்' என்ற தரம். 'ஆட்டோபைலட்' என்ற பெயரே டிரைவரைத் தவறாக எண்ண வைக்கிறது என்று அப்போதே அந்த அமைப்பு சொன்னது.

2025 நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. தன் ஓட்டுநர் உதவி வசதிக்கு அனுமதி எதிர்பார்த்து, நெதர்லாந்தின் வாகன அனுமதித் துறைக்கு நன்றி சொல்லித் தகவல் அனுப்புமாறு டெஸ்லா தன் ரசிகர்களைத் தூண்டிவிட்டது. அந்தத் துறை, நன்றி சொல்ல வேண்டாம், எங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு வீண் வேலை, இதனால் முடிவு மாறப்போவதும் இல்லை என்று அறிவித்தது. நம்பிக்கையைக் கையெழுத்து இயக்கம் நடத்தி வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஐரோப்பிய அதிகாரி ஒருவர் தரக்கூடிய மிகச் சுருக்கமான பதில் இதுதான்.

பொறுப்பு விஷயத்தில் மிக விரிவாக எழுதியிருப்பது பிரிட்டன். 2018-லேயே, தானியங்கி கார் இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சட்டம் செய்துவிட்டது. அடிபட்டவர் கம்பெனிகளுக்கு நடுவே அலைய வேண்டியதில்லை. 2024 மே மாதம் வந்த தானியங்கி வாகனச் சட்டம் அதைவிடப் பெரியது. கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குக் குறையாத பாதுகாப்பு வேண்டும் என்று அளவுகோல் வைக்கிறது. கார் தானே ஓட்டும்போது நடக்கும் விதிமீறலுக்கு உள்ளே இருப்பவரைத் தண்டிக்க முடியாது. தானே ஓடாத காரைத் தானே ஓடும் என்று நினைக்க வைக்கும் விளம்பரம் குற்றம். அனுமதி பெறும் நிறுவனம் பாதுகாப்புத் தகவலுக்குப் பொறுப்பாக ஒரு நபரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்; பொய்த் தகவல் தருவதும் மறைப்பதும் குற்றம். விமான விபத்துகளில் செய்வதுபோல், யார்மேல் பழி என்று தேடாமல் ஏன் நடந்தது என்று மட்டும் ஆராயத் தனி ஆய்வாளர்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். விமானத்தில் ஏறும்போது நாம் காட்டும் நிம்மதி, பல பத்தாண்டு விபத்து அறிக்கைகளை ஊரறியப் படித்துத் திருத்தியதால் வந்தது.

இவ்வளவு நிதானத்துக்கு விலையும் இருக்கிறது. முழுத் தானியங்கி வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தந்த பொது அனுமதியில், ஒரு வகைக்கு ஆண்டுக்கு 1,500 வண்டிகள் என்று வரம்பு போட்டது. எந்தத் தெருவில் ஓடலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே சொல்ல வேண்டும். இதற்குள் லண்டனில் ஓட வருவதாக அமெரிக்காவின் வேமோவும், ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் வருவதாக டாக்ஸிச் செயலி நிறுவனமான லிஃப்டோடு கைகோத்து சீனாவின் பைடுவும் அறிவித்துவிட்டன. உள்ளூர் பஸ் சோதனைகள் முடங்கிக்கொண்டிருக்க, வெளியூர் டாக்ஸிகள் வாசலில் நிற்கின்றன. சாலை விபத்துகளில் ஒன்றியத்தில் ஆண்டுக்குச் சுமார் இருபதாயிரம் பேர் சாகிறார்கள் என்பதை நினைத்தால், தாமதத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது.

சட்டம் தொடாத இடமும் ஒன்று உண்டு. சியோனிலும் ஃபோர்த் பாலத்திலும் வண்டிக்குள் ஒரு மனிதர் இருந்தார். கணக்குப் பார்த்து அவரை இறக்கிவிட்ட பிறகு, இரவு பதினோரு மணிக்குத் தனியாக ஏறும் பெண், பின்சீட்டில் குடித்துவிட்டு வம்பு செய்பவனைப் பற்றி யாரிடம் சொல்வாள்? சக்கர நாற்காலியை யார் ஏற்றுவார்? காமிராவும் ஒரு பொத்தானும் இருக்கின்றன என்பார்கள். பொத்தானை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் யார் வருவார் என்பதைத் தடத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதி ஒட்டும் நகரத்தில்தான் நான் முதலில் ஏறுவேன்.

ஒன்றியத்தின் புதிய பொருள்-பொறுப்புச் சட்டம் உறுப்பு நாடுகளில் 2026 டிசம்பர் 9-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும். கார்களுக்காக மட்டும் எழுதியதல்ல அது. ஆனால் மென்பொருளையும் ஒரு பொருளாகவே அது கருதுகிறது. இதுவரை அடிபட்டவர்தான் கார் மூளைக்குள் என்ன தவறு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலுக்குள் புகுந்து அதைச் செய்ய எந்தச் சாமானியரால் முடியும்? இனி, கோர்ட் கேட்ட ஆதாரத்தைக் கம்பெனி தராமல் வைத்துக்கொண்டால், பொருளில் குறை இருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கம்பெனியின் பாடு.