கைக்கு எட்டும் ரேஸ் டிராக்

வீடியோ கேமில் கார் ஓட்டுவது பிள்ளை விளையாட்டு என்பவர்கள் ஜான் மார்டன்பரோவைக் கேட்க வேண்டும். 2011-ல் பிளேஸ்டேஷன் போட்டியில் ஜெயித்த இந்த பிரிட்டிஷ் இளைஞர், 2013 லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த அணியில் நிஜக் காரே ஓட்டினார்.

நிஜக் காரில் டயர் வழுக்குவதை முதுகும் இடுப்பும் சொல்லிவிடும். வீட்டு நாற்காலியில் அந்தச் சேதி கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டாரின் வேலை அதுதான்: வளைவில் எதிர்த்து இழுக்கும், முன் டயர் பிடி விட்டால் சட்டென்று தொய்யும்.

மோட்டாரின் விசை எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் விலை வித்தியாசம். லாஜிடெக் ஜி29-ல் பல்சக்கரங்கள்; நன்றாக உழைக்கும், ஆனால் கடகடக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300-ல் பெல்ட், இழுப்பு வழவழப்பானது. 2021-ல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடியில் இடையில் எதுவுமில்லை, மோட்டார் அச்சிலேயே ஸ்டீயரிங். விசை 5 நியூட்டன் மீட்டர், ஜி29 தருவதைப் போல இரு மடங்குக்கும் மேல். மேஜை உறுதியாக இல்லாவிட்டால் மேஜையும் சேர்ந்து பந்தயம் ஓட்டும்!

ஜி29 பிளேஸ்டேஷனுக்கு; எக்ஸ்பாக்ஸ்காரர்கள் ஜி920 வாங்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒத்துவரும்.

காசு மிஞ்சினால் பெரிய மோட்டாருக்கு முன் நல்ல பிரேக் பெடல். கால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அல்ல, எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் லோட் செல் ரகம். சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில், ஒரே அளவில் பிரேக் பிடிக்க அதுதான் கைகொடுக்கும்.

சுவரில் மோதப்போகிறீர்களா? ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நேரடி மோட்டார் கட்டைவிரலைப் பதம்பார்த்துவிடும்.