இசைத்தட்டின் மறுபதிப்பும் இரசிகர் ஊகமும்

நூலொன்று ஒருமுறை அச்சேறியபின் திருத்தமும் விளக்கமும் பெற்று மீண்டும் வெளிவருதல் தமிழ் கற்பார் யாவர்க்கும் பழகிய செய்தி. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார்கள். இருபதாண்டு கழித்து, 1907-இல், அதனையே திருத்தி இரண்டாம் பதிப்பாக அளித்தார்கள். இசைத்தட்டுலகிலும் இத்தகைய மறுபதிப்புகள் உள. அவற்றுள் எது வரும், எப்பொழுது வரும், எவையெவை சேர்ந்து வரும் என்று இரசிகர்கள் ஆண்டுக்கணக்காக ஊகித்து வாதிடுவதும் உண்டு. இவ்வூகம் வேலையற்றோர் பொழுதுபோக்கன்று என்பது எமது கருத்து.

டீலக்ஸ் பதிப்பு என்று வணிகர் வழங்கும் சிறப்புப் பதிப்பு யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-ஆம் ஆண்டில் 'சார்ஜண்ட் பெப்பர்' என்னும் இசைத்தொகுதியை வெளியிட்டனர். அதன் ஐம்பதாம் ஆண்டாகிய 2017-இல் அத்தொகுதி சிறப்புப் பதிப்பாக மீண்டும் வந்தது. முன்னர் உலகறிந்த பாடல்களோடு, அப்பாடல்கள் முடிந்த வடிவம் பெறுதற்கு முன் பாடிப் பார்த்த முயற்சிகளும் பதிவு வரலாறு கூறும் நூலும் அதனுள் அடங்கின. ஏட்டுச்சுவடியில் ஆசிரியர் அடித்துத் திருத்திய இடங்களெல்லாம் நமக்குக் காணக் கிடைத்தால் எத்துணை மகிழ்வோமோ, அத்துணை மகிழ்ச்சி அவ்விரசிகர்க்கு.

மறுபதிப்பு செய்வோர் ஆளும் முறைகள் இரண்டு. ஒன்று, இறுதியாக அமைந்த மூலநாடாவை எடுத்து, அதன் தூசும் இரைச்சலும் போக்கி, ஒலியளவை ஒழுங்குபடுத்தி வெளியிடுதல். மற்றொன்று, குரல், வயலின், தாளக்கருவி எனத் தனித்தனியே பதிந்த சுவடுகளைப் பிரித்து மீண்டும் புதிதாகக் கலத்தல். முன்னது கறையானரித்த ஏட்டைத் துடைத்துப் படிப்பதனையொக்கும். பின்னது செய்யுளைப் புதிதாகச் சீர்பிரித்து அச்சிடுவதனையொக்கும். பின்னதில் பிழை புகுதற்கு இடம் மிகுதி. எல்லாக் கருவிகளும் ஒரே சுவடாகக் கலந்து பதிந்த பழம்பதிவுகளைப் பிரிக்கவியலாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் 1966-ஆம் ஆண்டின் 'ரிவால்வர்' தொகுதி 2022-இல் மறுபதிப்பானபோது, கணினிக்கு ஒவ்வொரு கருவியின் ஒலியையும் கற்பித்து, ஒன்றாய்க் கலந்ததைப் பிரித்தெடுத்துக் காட்டினர். அன்று தொட்டு உலகெங்குமுள்ள இரசிகரின் ஊகம் எல்லை கடந்தது.

ஊகிப்போர்க்கும் சில அளவைகள் உண்டு. இருபத்தைந்து, ஐம்பது என்னும் ஆண்டு நிறைவுகளை எண்ணுதல் எளிய அளவை. சட்டத்தைக் கொண்டு ஊகித்தல் நுட்பமானது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் உரிமைக் காலத்தை ஐம்பதிலிருந்து எழுபதாண்டாக நீட்டியபோது, ஐம்பதாண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்நீட்டிப்பு இல்லை என்றனர். உடனே பாப் டிலன் அவர்களின் கம்பெனியார் 2012-ஆம் ஆண்டு இறுதியில், 1962-இல் பதிந்து வெளியிடாதிருந்தவற்றை ஏறத்தாழ நூறு பிரதிகள் மட்டும் வெளியிட்டு உரிமையைக் காத்துக்கொண்டனர். அவ்வுறையின்மேல் 'உரிமை நீட்டிப்புத் தொகுதி' என்னும் பொருள்பட வெளிப்படையாகவே பெயரும் பொறித்தனர். அதன்பின் ஒவ்வோராண்டும் மார்கழி பிறந்தால் இரசிகர்கள் விழித்திருக்கத் தொடங்கினர். வணிகரின் நேர்மையைக் காட்டிலும் வணிகரின் அச்சம் ஊகத்திற்கு உறுதியான சான்று போலும்!

நிற்க. இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழிசையுலகில் இத்தகைய ஊகத்திற்குப் பெரிதும் இடமாயிருப்பவர் இளையராஜா அவர்கள். பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்து, 1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட திரைப்படங்கட்கு இசையமைத்தவர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் மாநகரில் தமது சிம்பொனியை அரங்கேற்றியவர். அவர் பாடல்கள் எமது அருப்புக்கோட்டைச் சீமைக்கு வந்த வழியைக் கூறினால் இம்மறுபதிப்பின் அருமை விளங்கும். தறிக்குழியில் அமர்ந்து நாடா தள்ளும் நெசவாளர்க்கு வானொலியே தோழன். கரிசற்காட்டு ஊர்களில் அம்மன் பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட் கட்டுவோர், வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, இசைத்தட்டைச் சுழலவிடுவர். கண்மாய்க்கரை கடந்து அடுத்த ஊர்வரை அது கேட்கும். பின்னர் ஒலிநாடாக் காலம் வந்தது. தாளில் பாடல்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அறுபது நிமிட நாடாவில் அவற்றைப் பதிந்து கொடுப்பார். அவ்வரிசை ஒருவகையில் அவரவர் தொகுத்த திரட்டு நூலே. ஆகவே, மூலப்பதிவின் முழு ஒலியை எம்மூரார் பலரும் கேட்டிலர்; குழாய் வழியும், தேய்ந்த நாடா வழியும், பிரதியின் பிரதியையே கேட்டனர். மூலம் எவ்வாறிருக்கும் என்னும் வேட்கை அதனாலே வளர்ந்தது.

அவ்விரசிகர் வேண்டுவன யாவை? திரைக்குப் புறம்பாக 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' பலர்க்கும் முதல் விருப்பம். தியாகராஜ சுவாமிகட்கும் ஜெர்மனியின் பாக் என்பார்க்கும் அதனை அவர் உரிமையாக்கினார். அதன் வயலின் இசை வி. எஸ். நரசிம்மன் அவர்களுடையது. ஹரிபிரசாத் சௌராசியா அவர்களின் குழலொலி நிறைந்த 1988-ஆம் ஆண்டின் 'நத்திங் பட் விண்ட்' அடுத்தது. எம் பக்கத்தார்க்கு மூன்றாவதொன்றும் உண்டு. குண்டாற்றங்கரைத் திருச்சுழி ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அவர்மீது இளையராஜா அவர்கள் இசையமைத்துத் தாமும் பாடிய 'ரமண மாலை' ஒரு சிறந்த பதிப்பாக வருதல் வேண்டும் என்பது எம்மவர் ஆசை. இவை எல்லாவற்றினும் மேலாக வேண்டப்படுவது படங்களின் பின்னணி இசை. பாட்டுகள் தட்டில் வந்தன. காட்சிகளின் அடியில் ஓடிய இசையோ பெரும்பாலும் தனியே வெளிவந்ததில்லை. இங்கிலாந்தில் பைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்னும் கம்பெனியார் 1977 முதல் 1983 வரையிலான இவர் பாடல்களுட் சிலவற்றைத் தெரிந்து 'சொல்ல சொல்ல' என்னும் பெயரில் வெளியிட்டமை, அயலார் செய்வதை நாம் செய்யலாகாதோ என்னும் கேள்வியையும் எழுப்பிவிட்டது.

இவ்விடத்து ஊகம் தடைப்படும் காரணங்களையும் கூறல் வேண்டும். மேனாட்டுப் பதிப்புகளில் மிகுதியாகக் காணும் பாடிப் பார்த்த முயற்சிகள் நம்மிடம் அருகியே இருத்தல் கூடும். இளையராஜா அவர்கள் ஒவ்வொரு கருவிக்குமுரிய சுரக்குறிப்பைத் தாமே எழுதி முடித்தபின், அக்கால வழக்கப்படி பாடகரும் கருவியாளரும் ஒருங்கே கூடியிருக்கப் பாடல் பதிவாகும். நல்ல வாசிப்பு அமைந்தவுடன் நாடாவை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. நாடா விலையுயர்ந்த பொருள். ஆதலின் மேனாட்டாரைப் பார்த்து நான்கு தட்டு, ஆறு தட்டு என்று கணக்கிடுவோர் ஏமாற்றமடையக்கூடும். ஆனால் அங்கில்லாத செல்வம் ஒன்று இங்குண்டு: அவர் கைப்பட எழுதிய சுரக்குறிப்பேடுகள். ஒரு பாடலின் குறிப்பேட்டை அப்படியே படமெடுத்துப் பதிவோடு அச்சிட்டால், அதனினும் சிறந்த இணைப்பு வேறு யாது?

இரண்டாவது தடை உரிமை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அதனை வெளியிட்ட ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் அறுபதாண்டு நிற்கும். 1976-இல் வெளிவந்த பதிவின் உரிமை 2036-ஆம் ஆண்டு முடிவில் நீங்கும் எனக் கொள்க. பாடலை இயற்றினோர்க்கும் இசையமைத்தோர்க்குமுள்ள உரிமையோ அவர் வாழ்நாளும் அதன்மேல் அறுபதாண்டும் ஆகும். இவ்விருவகை உரிமையும் ஒருவர் கையிலன்றிப் பலர் கையில் இருப்பதனால், இளையராஜா அவர்கட்கும் ஒலிநாடாக் கம்பெனியார்க்கும் இடையே எழுந்த வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றன. யார் பதிப்பிப்பது என்பதே தீராதபோது என்ன பதிப்பிப்பது என்னும் பேச்சு நெடுந்தொலைவு செல்லாது. ஊகிப்போர் இசையைக் கற்றதினும் சட்டத்தை மிகுதியாகக் கற்றிருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது தடை காலம். அது வழக்காடி வெல்லத்தக்கதன்று. காந்த நாடாவிலுள்ள பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவை ஐம்பது பாகையையொட்டிய மிதவெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்தியே ஒருமுறை ஓட்டிப் படியெடுப்பர். கடற்கரைப் பட்டினமாகிய சென்னையின் ஈரம் நாடாவிற்குப் பகை. எமது வறண்ட சீமையின் காற்று அதற்கு ஓரளவு நட்பே. ஆயின் எம்மூர்ச் சித்திரை வெயிலில் ஒரு பகல் வைத்த இசைத்தட்டு அப்பளம்போல் நெளியும் என்பதனையும் உடன் கூறல் நேர்மை. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூனிவர்சல் படக்கூடத்தில் தீப்பற்றியபோது பெரும்புகழாளர் பலருடைய மூலநாடாக்கள் அழிந்தன; உலகம் அதன் விரிவை 2019-இல்தான் அறிந்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இந்நிலையாயின், நம் நாட்டு மூலநாடாக்களின் நிலை பற்றி இரசிகர் அஞ்சுவது மிகையன்று.

ஆகலின் எமது சார்பு இது. பொன்னெழுத்துப் பெட்டியும் வழவழப்பான தாளும் எமக்கு வேண்டா. அவற்றின் விலை தறிக்கூலிக்கு எட்டாது. ஒலியைக் கூட்டிப் புதுத்தாளம் சேர்த்து இக்காலத்தார் செவிக்கு இனிதாக்குதலும் வேண்டா; அது பாடபேதம் காட்டாமல் மூலத்தைத் திருத்துவோன் செய்யும் தீங்கு. வேண்டுவது பெயர்ப்பட்டியல் ஒன்று. நம் பழைய தட்டுறைகளில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் பாடலாசிரியர் பெயரும் இருக்கும். குழல் ஊதியவர் யார், கிதார் மீட்டியவர் யார், தபேலா வாசித்தவர் யார் என்பது பெரும்பாலும் இராது. நாம் எட்டுத்தொகையில் பெயர் தெரியாப் புலவரைச் செய்யுளில் வந்த தொடராலே பெயரிட்டழைக்கின்றோம். அவர்களை வினவ இயலாது. அப்பாடல்களை வாசித்தோருள் பலர் இன்றும் நம்மிடை உள்ளனர். ஆண்டுதோறும் சிலர் குறைந்து வருகின்றனர். இன்ன பாடலில் இன்னார் வாசித்தார் என்று இரசிகர்கள் செவியாலே ஊகித்து, முதிய கலைஞர்களை நேரிற் கேட்டு உறுதிசெய்து எழுதிவைக்கின்றார்களே, அக்குறிப்புகளை மறுபதிப்பு செய்வோர் முதலிற் கேட்டு வாங்கல் வேண்டும்.

அடுத்தபடி கேட்டு வாங்கத்தக்கது எம் பக்கத்து ரேடியோ செட்காரர்களின் மரப்பெட்டி. குழாய் இறங்கி வேறு கருவிகள் வந்தபின்னும் பழைய தட்டுகளை எடைக்குப் போட மனமின்றிப் பரணில் ஏற்றிவைத்தோர் சிற்றூர்களில் உளர். தட்டின் உறைகள் கிழிந்திருக்கும். எந்தத் திருவிழாவிற்கு வாங்கியது, எந்தப் பாட்டில் ஊசி தாண்டும் என்பது மட்டும் பென்சிலால் எழுதியிருக்கும். மூலநாடா கிட்டாத பாடலுக்கு நாளை அத்தட்டே மூலமாகலாம்.