பெரிய ஜி, பெரிய ஜே, புதுக்கடை

புதுக்கடை சந்திப்புப் பக்கம் ஒரு டிடிபி கடை. கல்யாணக் கார்டு, நினைவு போஸ்டர், ஆண்டுவிழா மலர் எல்லாம் பிறக்கும் அந்த உள்ளறைக்கு ஒருநாள் என்னை விட்டார்கள். துள்ளிக்கொண்டு போனேன்.

கண்ணில் பட்டது ஒரு பழைய சிடி. அதில் மலர் ஒன்றுக்காக அடித்த கட்டுரை. பொருள், 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கச் சொன்னவர்கள் மார்த்தாண்டத்திலும் இதே புதுக்கடையிலும் சுடப்பட்ட நாள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். தலைப்பிலேயே ஆங்கிலக் கூத்து: பெரிய ஜி, பெரிய ஜே, எஃப், அரைப்புள்ளி, எஃப், ஐ, எல்!

விடுவேனா? 'என்கோடிங்' (குறியாக்க) மெனுவைப் பிரித்தேன். அடடா, ஜப்பானியர்களுக்கு என்ன உபசரிப்பு! ஷிஃப்ட் ஜிஸ், இயுசி ஜேபி, ஐஎஸ்ஓ 2022 ஜேபி என்று ஒரு மொழிக்கே மூன்று வாசல். இதில் ஷிஃப்ட் ஜிஸ்ஸுக்கு மட்டும் உலாவிகள் பின்பற்றும் பட்டியலில் 8 பெயர்கள். எஸ்ஜிஸ் என்றாலும் அவர்தான், எம்எஸ் 932 என்றாலும் அவர்தான். விண்டோஸ் 31ஜே என்று ஒன்று. அந்த 31, விண்டோஸ் 3.1இன் புள்ளி உதிர்ந்த மிச்சம்! வட்டப்பேர் சொன்னால்தான் வீடு தெரியும் என்கிற ஊர்க்காரனுக்கு இது புதிதா என்ன?

திரைக்குப் பின்னால் நடப்பது எளிது. கோப்போ ஆளோ சொல்லும் பெயரை எடிட்டர் வாங்குகிறது, சின்ன எழுத்தாக்குகிறது, பல எடிட்டர்கள் நடுக்கோடு, அடிக்கோடுகளையும் உதறிவிடும். பிறகு வட்டப்பேர் அட்டவணையில் தேடி உரிய வீட்டுக்கு அனுப்புகிறது. வம்பு எங்கே என்றால், அசல் ஷிஃப்ட் ஜிஸ்ஸும் விண்டோஸ் 31ஜேயும் ஒரே ஆள் அல்ல, அண்ணன் தம்பி. வட்டத்துக்குள் இருக்கும் எண்கள் தம்பி வீட்டில் உண்டு, அண்ணன் வீட்டில் இல்லை. உலாவிகள் இருவரையும் ஒருவராகவே பாவிக்கின்றன.

மெனுவில் தமிழைத் தேடினேன். காணோம்! தமிழுக்கென்று அமைந்த 8 பிட் குறியாக்கமான திஸ்கி, 2007இல் உலகப் பெயர்ப் பதிவேட்டிலேயே ஏறியது. லினக்ஸின் ஐகான்வ் அதை இன்றும் படிக்கும். 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. ஆனால் உலாவிப் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

என் தோளுக்குப் பின்னாலிருந்து கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "மக்கா, இது பாமினியாக்கும். மெனுவுல கெடந்து தேடாத."

அதுதான் சங்கதி. பாமினிக்கு வட்டப்பேர் இல்லை, அது ஆள்மாறாட்டம். கோப்புக்குள் இருப்பது சுத்த ஆங்கில எழுத்து, மேலே எழுத்துரு போடுவது தமிழ் வேஷம். எடிட்டரை எப்படிக் குறை சொல்ல? பெரிய ஜி என்றால் 'பு', பெரிய ஜே என்றால் 'து', எஃப் 'க'. அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி. கடைசிக்கு முந்தின 'ஐ', ஐகாரக் கொம்பேதான்! எழுத்தைச் சின்னதாக்கிப் பார்ப்போமே என்று விளையாடினேன். சின்ன ஜி 'ப', சின்ன ஜே 'த'. புதுக்கடை 'பதக்கடை' ஆனது. அண்ணாச்சிக்கு வயிறு குலுங்கியது.

பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டார். அங்கேயும் ஒரு வேடிக்கை. 'கொ' எழுத பாமினியில் கொம்பு, க, கால் என்று கை எழுதும் வரிசை. யூனிகோடுக்கோ 'க' முதலில் வேண்டும். ஒவ்வொரு கொம்பையும் மாற்றி தூக்கிப் பின்னால் வைக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் புதுக்கடை புதுக்கடையாகவே நின்றது, கீழே 1954.

அண்ணாச்சி அதை யுடிஎஃப் 8இல் சேமித்துவிட்டு அடுத்த சிடியை எடுத்தார். மார்க்கர் பேனா எழுத்தைப் படித்ததும் முகம் மாறியது.

"இது வானவில் எழுத்துருவாக்கும். சாயா குடிச்சிட்டு வந்து பாப்பம்."