குழாயில் தங்கிய கருவும் நமது தயக்கமும்

"ஊசி அடிச்சா புள்ளயக் கொன்ன பாவம் வருமா? ஒப்பரேஷன் செஞ்சா வராதா?" கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிட்ட பெண்களின் வீட்டார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இறையச்சத்தில் பிறக்கும் கேள்வி இது. ஆயினும் சிகிச்சை முறையைக் கொண்டு பாவத்தை அளக்க முயல்வது சரியா என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பலோப்பியன் குழாயில் தங்கிய கரு பிள்ளையாகப் பிறக்க வழியில்லை. அதை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வைத்தியமும் இல்லை. கரு வளர வளரக் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் பெருகித் தாய் மரணிக்கக்கூடும்.

சிகிச்சை முறைகள் இரண்டு. குழாய் வெடிக்காமல், கரு சிறிதாக, இதயத் துடிப்பின்றி, ஹோர்மோன் அளவும் குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்சேற் ஊசி போடலாம். அதன் பின் மீண்டும் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். மற்றையது சத்திரசிகிச்சை: குழாயை அகற்றுவது, அல்லது அதைத் திறந்து கருவை மட்டும் எடுப்பது.

கத்தோலிக்க ஒழுக்கவியலாளர் சிலர் குழாயை அகற்றலாம், ஊசி கூடாது என்பர். முன்னதில் கருவின் மரணம் பக்கவிளைவு. பின்னதில் கருவே நேரடியாகத் தாக்கப்படுகிறது என்பது அவர்களது வாதம். நம்மவர் கேள்வியும் அறியாமலே அந்தப் பாதையில்தான் போகிறது.

பிக்ஹில் விவாதம் வேறிடத்தில் நிற்கிறது. கரு வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் அதை அழிப்பதன் குற்றம் கூடுகிறது என்றார் இமாம் கஸ்ஸாலி. ரூஹ் ஊதப்படும் 120 நாட்களை அறிஞர்கள் பெரிய எல்லையாகக் கொண்டனர். அந்த எல்லை கடந்த பின்னரும், தாயின் உயிருக்கு ஆபத்து என நம்பகமான நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவை அகற்றலாம் என மக்காவிலுள்ள பிக்ஹ் பேரவை 1990இல் தீர்மானித்தது. இரு தீங்குகளில் இலேசானதை ஏற்பது என்ற விதியே இதன் அடிப்படை. குழாய்க் கர்ப்பமோ பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நாட்டுச் சட்டமும் இங்கே தடையில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

ஆகவே ஊசியா, கத்தியா என்பதை ஹலால் ஹராம் கேள்வியாக்க வேண்டியதில்லை. எது பாதுகாப்பானது என்பதை வைத்தியர் சொல்வார். மற்றக் குழாய் நலமா, இன்னும் பிள்ளை வேண்டுமா, தூரத்து ஊரிலிருந்து திரும்பத் திரும்பப் பரிசோதனைக்கு வர முடியுமா என்பவற்றை எடைபோட வேண்டியவள் அந்தப் பெண். கணவரோ மாமியாரோ அவளுக்காக முடிவெடுத்துவிடக் கூடாது.

"மௌலவிக்கிட்ட கேட்டுட்டு வாறம்" என்று வீடு திரும்புவதைத்தான் நான் அஞ்சுகிறேன். தாமதிப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையைக் கொடுப்பவள் அவள். மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்து, தோள் நுனி நொந்து, மயக்கமும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மார்க்கக் கேள்வியை வழியில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்.