நடுவரின் ஊதல்

கால்பந்தாட்டத்தில் தவறு கண்டவுடன் ஊதுவதே நடுவரின் கடமை எனப் பலர் எண்ணுவர். அஃது எப்பொழுதும் நீதியாகாது. பந்துடன் விரைபவனை எதிரணியினன் இடறுகிறான். தடுமாறியும் அவன் விழாது ஓடுகிறான். அப்பொழுது ஊதினால் தவறிழைத்தவனே பயன் பெறுவான். ஆதலின், கையை முன்னே நீட்டி ஆட்டத்தைத் தொடரவிட, ஆட்ட விதிகளுள் 5-ஆம் விதி நடுவர்க்கு இடமளிக்கிறது.

எதிர்பார்த்த அனுகூலம் சில நொடிகளில் கிட்டாவிடில், அவர் ஊதி முதல் தவற்றுக்கே தண்டனை விதிப்பார். ஆட்டம் தொடர்ந்ததனால் குற்றம் மறைந்துவிடாது. எச்சரிக்கைக்குரியதாயின், ஆட்டம் அடுத்து நின்றதும் மஞ்சள் அட்டை காட்டுவார்.

கொடிய தாக்குதலாயின், கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்பு இருந்தாலன்றி உடனே ஊதுதல் வேண்டும். ஒருவர் பெருங்காயமுற்றாலும் ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும். கோலினும் உயிர் பெரிதன்றோ?