ஒரு நாள்தானே என்று சொல்வதற்கு முன்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆறுவதற்குள் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கும் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு பேச்சு எழும்: "வருஷத்துல ஒரு நாள்தானே!" நாலு மணிக்கு எழுப்பலாம், ஒரு நாள்தானே. மாத்திரை கொஞ்சம் முன்னே பின்னே ஆகட்டும், ஒரு நாள்தானே. அன்பில் வருகிற பேச்சுதான். ஆனால் மறுநாள் அம்மா எழ முடியாமல் படுத்துவிடுவதும், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் துவண்டுபோவதும் பல வீடுகளில் இதில்தான் தொடங்குகின்றன.

ஏன் என்று பார்ப்போம். நம் உடம்பு அன்றாடச் செலவுக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர் ஓடினால் அதே இதயம் 20 லிட்டர் வரை இறைக்கும். இடையில் உள்ள அந்த 15 லிட்டர்தான் கையிருப்பு. சிறுநீரகம், மூளை என்று மற்ற உறுப்புகளுக்கும் இப்படி ஒன்று உண்டு. வயது ஏற ஏற இந்தக் கையிருப்பு கரைகிறது.

நாம் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். நேற்றுவரை தானே குளித்து, தானே சாப்பிட்டு நடமாடிய அப்பாவைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கார்" என்று நினைத்துவிடுகிறோம். டப்பாவில் அன்றன்றைக்கு அளவாக அரிசி இருக்கிற வீட்டில் குறை வெளியே தெரியாது. சொல்லாமல் எட்டுப் பேர் விருந்துக்கு வந்த அன்றுதான் டப்பாவின் அடி தெரியும். பெரியவர்களுக்குப் பண்டிகை நாள் அப்படிப்பட்ட எட்டு விருந்தாளி. தூக்கம் குறைகிறது, சாப்பாடு தள்ளிப்போகிறது, சத்தம் கூடுகிறது. எல்லாம் ஒரே காலையில்.

எண்ணெய்க் குளியலையே எடுத்துக்கொள்வோம். வெந்நீர் பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் அந்தப் பக்கம் போகிறது. குளித்து எழும்போது அதை மறுபடி தலைக்கு ஏற்றும் வேகம் முதுமையில் குறைவு. கண் இருட்டிக்கொண்டு வரும். தரையிலோ எண்ணெய்ப் பிசுக்கு. ஆகவே விடிந்தபின், வெதுவெதுப்பான தண்ணீரில், ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினால் போதும். எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

அடுத்தது மாத்திரை. சில சர்க்கரை மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். ஆறு மணிக்கு மாத்திரை, பூஜை முடிந்து ஒன்பதரைக்கு இட்லி என்றால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், சிடுசிடுப்பு வரும். "நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்தக் கோபம்?" என்று நாம் கேட்போம். மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுவோம். படைப்பதற்கு முன் பெரியவருக்கு இரண்டு இட்லி கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

பிறகு காது. முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஓசைகள். க, ச, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கடை, சடை, தடை என்ற மூன்றும் பாட்டிக்கு ஒன்றுபோல விழும். டிவியும் வெடிச்சத்தமும் சேர்ந்த கூடத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் ஊகித்தே அவர் களைத்துப்போகிறார். கத்தினால் சத்தம்தான் ஏறும், எழுத்து தெளியாது. டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவோம். நடுவில் ஒரு மணி நேரம் அமைதியான அறையில் படுக்கவிடுவோம்.

ஓய்வு என்று சொல்லி அவரை மூலையில் உட்காரவைத்துவிடவும் வேண்டாம். உட்கார்ந்தபடி செய்ய ஒரு வேலை கொடுப்போம். புதுத்துணிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நடுங்கும் விரலால் மஞ்சள் தொட்டு வைக்கிற பாட்டியின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அன்றைக்கு அந்த வீடு அவருடையது.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர். அது மருமகளாக இருக்கலாம், மகளாக, மகனாக இருக்கலாம். 364 நாளும் கவனித்துக் கவனித்து அவருடைய கையிருப்பும் கரைந்திருக்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள், "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் அவர் சொல்லமாட்டார். அடுக்களையில் சுழியம் பொரித்துக்கொண்டே அப்பாவின் மாத்திரையையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். வேலையையும் நேரத்தையும் நாமே சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "மாத்திரைச் சீட்டை என்கிட்ட கொடுங்க அண்ணி. ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் அப்பாவை நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க. எனக்கு ஒரு நாள்தானே."

அந்த வார்த்தைக்குச் சரியான இடம் அதுதான்.