எஸ்.எஸ்.டி. ஏன் மந்தமாகிறது?

புதிதில் பறந்த எஸ்.எஸ்.டி., நிரம்ப நிரம்ப ஏன் தவழ்கிறது? ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தகவலின் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் கொண்ட பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த முழுத் தொகுதியாக மட்டுமே. காலியிடம் குறைந்தால், தேவையான பக்கங்களை வேறிடம் மாற்றி, தொகுதியை அழித்து, அப்புறம்தான் எழுத முடியும். ஒரு வேலை மூன்றாகிறது. நீக்கிய கோப்புகளை எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் ‘டிரிம்’ வசதி இயங்கினால் சுமை குறையும். (பழைய ஹார்டு டிஸ்குக்குச் செய்த டீஃப்ராக் இங்கே வேண்டாம், தேய்மானம்தான் மிச்சம்.)

முதல் நாளே மந்தமா? அதைச் செருகிய சாட்டா போர்ட்டைப் பாருங்கள். சாட்டா 3-இல் நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரும். சாட்டா 2-இல் 300-ஐத் தாண்டாது. போர்ட்டைச் சரிபார்க்காமலேயே ஃபார்மட் செய்யச் சொல்பவரை நம்பாதீர்கள்.